முன்னால் ஓர் ஆள், பின்னால் ஓர் எஞ்சின்

மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் மலை ரயில் புறப்படத் தயாராக நிற்கிறது. மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குள் நான் உட்கார்ந்திருக்கிறேன். மடியில் சோற்றுத் தூக்கு, காலடியில் தகரப் பெட்டி. அம்மா மட்டும் பிளாட்பாரத்தில் நிற்கிறாள். புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, வண்டியின் முன்பக்கத்தையே முறைத்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"எம்மா, ஏறும்மா. வண்டி கெளம்பப் போவுது."

"ஏற மாட்டேன். அந்த ஆள மொதல்ல கீழ எறங்கச் சொல்லு. அப்பால ஏர்றேன்."

எந்த ஆள் என்று ஜன்னல் வழியே தலையை நீட்டிப் பார்த்தேன். வண்டிக்கு முன்னால் எஞ்சினைக் காணோம். அது கடைசியில் நின்று புகை விட்டுக்கொண்டிருந்தது. எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில், எங்கள் பெட்டியின் முகப்பில், கம்பி அடைத்த சின்ன மேடை ஒன்று இருந்தது. அதன்மேல் காக்கிச் சட்டை போட்ட ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தான். அவன் கையில் சிவப்புக் கொடி.

அம்மாவுக்கு என்ன ஞாபகம் வந்திருக்கும் என்று தெரிந்துவிட்டது. கூடவே ஆத்திரமும் வந்தது. இந்த முறையும் நான் புருஷன் வீடு போய்ச் சேரப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மலைக்குப் போன மாப்பிள்ளை

போன வாரம் இதே பக்கத்தில் என் கல்யாணக் கதையை எழுதி, மாப்பிள்ளை நாலு நாளில் மலைக்கு வண்டியேறிவிட்டார் என்று நிறுத்தியிருந்தேன். அப்புறம் என்ன ஆயிற்று, சேர்ந்தீர்களா இல்லையா என்று இரண்டு பேர் வழியில் மடக்கிக் கேட்டுவிட்டார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

அவர் பெயர் ஏகாம்பரம். வண்ணாரப்பேட்டைப் பிள்ளை. எண்ணெய் மில்லில் மிஷின் பழகியவர். குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை கிடைத்தது. கல்யாணத்துக்கு என்று லீவு போட்டு வந்தார், தாலி கட்டினார், போய்விட்டார். வீடு பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றார். சொன்னபடியே கூப்பிட்டார்.

அனுப்பாதது என் அம்மாதான். முதல் தடவை ஆடி மாதம் என்றாள். ஆடி முடிந்து ஆவணியும் போனது. அடுத்த தடவை, அந்தக் குளிரில் இவளுக்கு ரத்தம் உறைந்துவிடும் என்றாள். ராயபுரத்து வெயிலில் வளர்ந்த எனக்கே அதைக் கேட்டுச் சிரிப்பு வந்தது. உண்மையான காரணத்தை ஒரு நாள் அடுப்படியில் தானாகவே சொன்னாள்.

"மிஷினாண்ட வேல செய்றவன்டி. இன்னிக்குக் கீறான். நாளிக்கு? அத்த வுட்டுட்டு இங்க வந்து ஏங்கூட ஆப்பக்கடைய பாத்துக்கச் சொல்லு. ராஜாவாட்டம் இருக்கலாம்."

ஹார்பர் கேட்டுக்கு எதிரே அம்மா ஆப்பக்கடை வைத்திருந்தாள். விடிகாலையில் மூட்டை தூக்கப் போகிறவர்கள் எல்லோரும் அங்கேதான் பசியாறுவார்கள். அதில் ராஜாவாக இருக்க முடியுமா என்பது வேறு விஷயம். ஏகாம்பரத்திடம் யார் போய்ச் சொல்வது?

கடைசியில் அவரே ஊருக்கு வந்த ஒருவரிடம் சொல்லி அனுப்பிவிட்டார். இந்தத் தடவையும் வரவில்லை என்றால் இனிமேல் கூப்பிடப் போவதில்லை, அவள் அவளுடைய அம்மாவோடேயே இருக்கட்டும் என்று. அதைக் கேட்டு நான் அழுத அழுகையில் அம்மாவே பயந்துவிட்டாள். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. நாலு நாளில் என்ன பெரிய பிடித்தம் என்பார்கள். பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

"சரி, போலாம். நானும் வர்றேன். எடத்தப் பாக்குறேன். எனக்கு ஒப்பலன்னா உன்னக் கையோட இட்டுகினு வந்துடுவேன்" என்றாள் அம்மா. அந்த நிபந்தனையோடுதான் புறப்பட்டோம். மூர் மார்க்கெட்டில் யாரோ துரைசானி போட்டுக் கழித்த கம்பளிக் கோட்டு ஒன்றை எனக்கு வாங்கினாள். அதற்குள் என்னைப்போல் இன்னொருத்தியும் புகுந்துகொள்ளலாம்.

சென்ட்ரலில் வண்டி ஏறும்போது, அம்மா முன்னால் வரைக்கும் நடந்துபோய் எஞ்சினைப் பார்த்துவிட்டு வந்தாள். "முன்னாடிதான் கீது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்பா நடந்த பாதை

ஹார்பருக்குச் சரக்கு வண்டிகள் போகிற தண்டவாளம் எங்கள் தெருக்கோடியில் ரோட்டைக் குறுக்கே தாண்டிப் போகும். வண்டிகளை எஞ்சின் இழுத்துக்கொண்டு போகாது, பின்னாலிருந்து தள்ளும். தள்ளுகிறவனுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. அதனால் முன்னால் ஓர் ஆள் கொடியும் விசிலுமாக நடந்துபோக வேண்டும். என் அப்பா ஒரு குத்தகைக்காரரிடம் அந்த வேலைதான் செய்தார்.

"ஓரம் போ! ஓரம் போ!" என்று அவர் குரல் வரும்போதே ஜட்கா, கட்டைவண்டி, ஆடு, மாடு எல்லாம் ஒதுங்கும். அவர் பின்னால் மலைமலையாய் நிலக்கரி ஏற்றிய வண்டிகள் மெதுவாக வரும். சின்ன வயதில் அப்பாதான் அத்தனை வண்டியையும் இழுத்துக்கொண்டு வருகிறார் என்று நினைத்திருந்தேன். தெருப் பிள்ளைகளிடம் அதைச் சொல்லிச் சண்டை கூடப் போட்டிருக்கிறேன்.

ஒரு மழை நாளில் தண்டவாளம் பிரிகிற இடத்தில் அவருடைய கால் மாட்டிக்கொண்டது. விசில் அடித்தார். கத்தினார். கொடியை வீசினார். அத்தனை வண்டிகளுக்கும் பின்னால், எஞ்சின் சத்தத்துக்குள் இருந்தவனுக்கு எதுவும் கேட்கவில்லை. அவன்மேலும் தப்பில்லை. அவன் அப்புறம் எங்கள் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

அம்மா ஆப்பக்கடையில் இருந்தாள். அந்த விசிலைக் கேட்டாள். மற்ற நாள் விசிலுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரிந்து ஓடியிருக்கிறாள். அவள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அப்புறம் அம்மா அழுது நான் பார்க்கவில்லை. கடையை மூடவும் இல்லை. அப்பாவைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் ஒன்றே ஒன்றுதான் சொல்வாள். "முன்னால போறவன் ஒருத்தன், நிறுத்துறவன் ஒருத்தன். இன்னா வேலடா அது?"

"எறங்கு நைனா!"

மேட்டுப்பாளையத்துக்கே வருகிறேன். நான் தகரப் பெட்டியை அப்படியே போட்டுவிட்டுக் கீழே குதித்தேன். அதற்குள் அம்மா முகப்பு மேடைக்குக் கீழே போய் நின்றுவிட்டாள்.

"நைனா, கீழ எறங்கு."

"ஏனுங்கம்மா?" என்றான் அவன். முப்பது வயது இருக்கும். சிரித்த முகம். பெயர் ரங்கசாமி என்று அப்புறம் தெரிந்தது.

"எறங்குன்னா எறங்கேன். ஒனக்குப் பொண்டாட்டி கீறாளா?"

"இருக்காளுங்க."

"அப்ப எறங்கு."

பெட்டிக்குள்ளிருந்து நாலைந்து தலைகள் நீண்டன. யாரோ சிரித்தார்கள். ரங்கசாமியும் சிரித்தான். "நான் எறங்கினா வண்டி நகராதுங்கம்மா" என்றான்.

"நகராங்காட்டி போவுது. யாருக்கு இன்னா நஷ்டம்?"

எனக்குத்தான் நஷ்டம் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கார்டு வேறு வந்துவிட்டார். ஏறுவதென்றால் ஏறு, இல்லாவிட்டால் சாமானை இறக்கிக்கொள் என்றார். அம்மா என் பக்கம் திரும்பி, "பெட்டிய எறக்குடி" என்றாள். அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்.

நான் பெட்டியை இறக்கவில்லை. ரங்கசாமியிடம் போய், "எங்கப்பா இப்பிடிக் கொடி புடிச்சிகினு முன்னால போயிதாங்க செத்தாரு, ஹார்பர்ல" என்றேன்.

அவன் சிரிப்பு நின்றுவிட்டது. கார்டைப் பார்த்தான். கார்டு தன் கொடியைச் சுருட்டிக்கொண்டு காத்திருந்தார். அவர் யாரோ, எந்த ஊரோ, இன்றைக்கும் அவரை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

"அம்மா, கொஞ்சம் மேல வாங்க" என்று ரங்கசாமி கை கொடுத்து அம்மாவை மேடைமேல் ஏற்றினான். அங்கே இரும்பில் ஒரு கைப்பிடிச் சக்கரம் இருந்தது.

"இது பிரேக்குங்க. உங்க ஊட்டுக்காரர் கையில கொடி மட்டும் இருந்திருக்கும். எனக்குக் கொடியும் உண்டு, இதும் உண்டு. ஒவ்வொரு பொட்டிக்கும் இப்பிடி ஒரு ஆள் நிக்கறானுங்க. டிரைவர் விசில் குடுத்தா எல்லாரும் சேர்ந்து புடிப்போம்."

நடுத் தண்டவாளத்தில் பல் வைத்திருக்கிறது, எஞ்சின் அதைக் கவ்விக்கொண்டு ஏறும் என்றெல்லாம் அவன் விளக்க ஆரம்பித்தான். அம்மாவுக்கு அந்தப் பல்லிலெல்லாம் அக்கறை இல்லை.

"டிரைவர் விசில் குடுக்கலன்னா? நீ எத்தயோ பாத்துட்ட. அவனுக்குத் தெரியல. அப்ப?"

"அப்பவும் நான் புடிப்பேனுங்க. கொடியக் காட்டிக்கிட்டே புடிப்பேன்."

"யாராண்டயும் கேக்காமயா?"

"யாரையும் கேக்க வேண்டீதில்லீங்க. முன்னால நிக்கறவன் நானில்லீங்களா?"

அம்மா அந்தச் சக்கரத்தின்மேல் கையை வைத்தாள். சுற்றிப் பார்க்கவில்லை, சும்மா வைத்துப் பார்த்தாள். பிறகு இறங்கி, பெட்டிக்குள் வந்து, அவனுடைய முதுகு தெரிகிற மூலையில் உட்கார்ந்தாள். வண்டி நகர்ந்தது. எனக்குப் போன உயிர் வந்தது.

கல்லாறு தாண்டி

மலை ரயிலில் போனவர்கள் எல்லோரும் அருவியையும் பள்ளத்தாக்கையும் பற்றி எழுதுவார்கள். நானும் பார்த்தேன். கல்லாற்றில் பாக்குத் தோப்பு ஜன்னலுக்குள் வந்துவிடும்போல் நெருங்கி நின்றது. அதைத் தாண்டியதும் அடியில் கடகடவென்று பல் கவ்வுகிற சத்தம். வண்டி முன்பக்கம் தூக்கிக்கொண்டு ஏறத் தொடங்கியது. ஒரு பக்கம் கையால் தொடுகிற தூரத்தில் பாறை, மறு பக்கம் தரையே இல்லை. குகை வந்தால் பிள்ளைகள் "ஓ" என்று கத்தின. நானும் கத்தினேன்.

அம்மா எதையும் பார்க்கவில்லை. அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம்மா, அருவி பாரும்மா, எம்மாம் ஒசரத்துலேர்ந்து வுழுவுது!"

"சும்மா இருடி. அவன் கொடிய மாத்திப் புடிக்கிறான்."

ஹில்குரோவ் என்ற ஸ்டேஷனில் எஞ்சின் தண்ணீர் குடிக்க நின்றது. அம்மா தூக்கைத் திறந்து புளிச்சோறும் நெத்திலிக் கருவாட்டுத் தொக்கும் இலையில் வைத்து ரங்கசாமிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்த மலைக்காற்றில் ராயபுரத்துக் கருவாடு மணத்த மணத்தில் எதிர் சீட்டு அம்மாள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். குரங்குகள்கூடக் கொஞ்சம் தள்ளித்தான் உட்கார்ந்தன. ரங்கசாமி நின்றபடியே சாப்பிட்டு விரலை நக்கினான்.

"ஒம் பொண்டாட்டி இந்த வண்டில வந்துகீறாளா?" என்று அம்மா கேட்டாள்.

"இல்லீங்க. பயந்துக்குவா."

"இட்டாந்து காட்டு நைனா. நீ எங்க நிக்கிற, எத்தப் புடிக்கிறன்னு அவ பாக்கணும். பாக்காதவதான் வூட்ல பயந்துகினு கெடப்பா."

அவன் தலையாட்டினான். அழைத்து வந்தானோ என்னவோ, எனக்குத் தெரியாது.

அங்கிருந்து புறப்பட்டுக் கொஞ்ச தூரத்தில் வண்டி ஒரு வளைவில் திரும்பியது. திடீரென்று ரங்கசாமி ஒரு கையால் சிவப்புக் கொடியை வெளியே நீட்டி, மறு கையால் சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்தான். ஏதோ கத்தவும் செய்தான். பின்னால் விசில் கேட்டது. பெட்டி குலுங்கியது, முனகியது, நின்றது. தூக்கு உருண்டு எதிர் சீட்டு அம்மாளின் காலடிக்குப் போய்விட்டது.

எல்லோரும் எட்டிப் பார்த்தோம். தண்டவாளத்தின் நடுவே ஓர் எருமை. வண்டிக்கு நாலு முழம் முன்னால், வாயை அசைபோட்டுக்கொண்டு, இதென்ன தொந்தரவு என்பதுபோல் எங்களைப் பார்த்தது. ரங்கசாமி குதித்துப்போய் அதன் முதுகில் தட்டித் தட்டி ஓரங்கட்டினான். பெட்டியில் ஒரே சிரிப்பு.

நான் சிரித்துக்கொண்டே அம்மாவைப் பார்த்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள். சத்தமில்லாமல், முகத்தைக்கூட மூடிக்கொள்ளாமல் அழுதாள். "நின்னுச்சு பாத்தியா" என்றாள். "அவன் புடிச்சான், நின்னுச்சு." நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எத்தனை வருஷத்து அழுகையோ, அது தீருகிறவரைக்கும் விடவில்லை.

அழுது முடித்ததும் மூக்கைச் சிந்திவிட்டு, முதல் தடவையாக ஜன்னல் பக்கம் திரும்பினாள். அப்போது தேயிலைத் தோட்டங்கள் வந்துவிட்டிருந்தன. மலை முழுக்க ஒரே பச்சை, நடுவே வகிடுவகிடாகப் பாதை.

"இன்னாடி இது! யாரோ எண்ண தடவி வாரி வுட்டாப்புல கீது!"

குன்னூர் வருகிறவரை வாய் ஓயாமல் பேசினாள். அது என்ன மரம், இது என்ன பூ, அவ்வளவு சரிவில் எப்படி நின்று இலை பறிக்கிறார்கள் என்று என்னைத் துளைத்துவிட்டாள். எனக்கு மட்டும் தெரியுமா என்ன? வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

மிஷினாண்ட

குன்னூர் ஸ்டேஷனில் ஏகாம்பரம் கழுத்தில் மப்ளரோடு நின்றிருந்தார். துரைசானி கோட்டுக்குள் இருந்த என்னை அவருக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே இன்னொரு மலை ஏறலாம் என்றிருந்தது.

அம்மா ஒரு வாரம் இருந்தாள். தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய லயன் வீடு சிறிதாக இருந்தாலும் ஒழுகவில்லை என்றாள். தண்ணீர் நன்றாயிருக்கிறது என்றாள். மாப்பிள்ளை ஒழுங்காக வீட்டுக்கு வருகிறார், குடிப்பதில்லை என்று கண்டுபிடித்தாள். ஆனால் என்னை விட்டுவிட்டுப் போகிறாளா, கையோடு அழைத்துப் போகிறாளா என்பதை மட்டும் சொல்லவில்லை. தினமும் வேலைக்குக் கிளம்பும்போது ஏகாம்பரம் என்னை ஒரு பார்வை பார்ப்பார். நான் உதட்டைப் பிதுக்குவேன். என் தகரப் பெட்டியை நான் இன்னும் பிரிக்கவில்லை.

ஒரு நாள் காலை, "மாப்ளே, நீ வேல செய்ற எடத்த நான் பாக்கணும்" என்றாள்.

வெளியாட்களை உள்ளே விடமாட்டார்கள். ஏகாம்பரம் மேஸ்திரியிடம் கெஞ்சி அனுமதி வாங்கினார். ஓரமாக நின்று பார்த்துவிட்டு ஓடிவிட வேண்டும், எதையும் தொடக்கூடாது என்று மேஸ்திரி கண்டித்துச் சொன்னார்.

உள்ளே பச்சை இலை வாசனை தலைக்கு ஏறியது. கூரைக்குக் கீழே நீளமாக ஓர் இரும்புத் தண்டு சுற்றிக்கொண்டிருந்தது. அதிலிருந்து அகலமான தோல் பெல்ட்டுகள் இறங்கி, கீழே இருந்த இலை உருட்டும் மிஷின்களைச் சுழற்றின. ஒவ்வொரு மிஷினும் ஒரு வண்டிச் சக்கரம் அகலம். அந்த இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்கவில்லை.

அம்மா இலையைப் பார்க்கவில்லை. பெல்ட்டைப் பார்த்தாள். ஏகாம்பரத்தின் காது பக்கம் போய்க் கத்தினாள்.

"நீ எங்க நிக்கிற?"

அவர் நிற்கிற இடத்தைக் காட்டினார்.

"நிறுத்துறது எங்க கீது?"

பெல்ட்டை, மிஷினோடு சேராமல் சும்மா சுற்றுகிற இன்னொரு சக்கரத்துக்குத் தள்ளி மிஷினை நிறுத்த, பக்கத்தில் ஒரு மரக் கைப்பிடி இருந்தது. அதைக் காட்டினார்.

"போயி ஒன் எடத்துல நில்லு. நின்னுகினு கைய நீட்டு."

அவர் வெட்கத்தோடு என்னைப் பார்த்துக்கொண்டே போய் நின்று கையை நீட்டினார். விரல்கள் கைப்பிடியில் நன்றாகப் படிந்தன.

"அந்தாண்ட போ" என்று அவரை விலக்கிவிட்டு, அம்மா அதே இடத்தில் போய் நின்றாள். அவள் என்ன செய்யப்போகிறாள் என்று எங்களுக்குத் தோன்றுவதற்குள், இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தாள். பெல்ட் நகர்ந்தது. மிஷின் வேகம் குறைந்து, இரண்டு சுற்று தள்ளாடி, நின்றது.

இலை அள்ளிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "யாரும்மா அது? யாரு கைய வெச்சது?" என்று மேஸ்திரி அந்தக் கோடியிலிருந்து கூச்சல் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். ஏகாம்பரத்தின் முகம் வெளுத்துப்போயிற்று. வேலை போயிற்று என்றே நினைத்திருப்பார்.

அம்மா மேஸ்திரியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கையில் ஒட்டிய எண்ணெயைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "சரி மாப்ளே, இத்த ஓட்டிக்கோ" என்றாள். பிறகு என்னிடம், "நாளிக்குக் காலம்பற எனக்கு வண்டி எப்போன்னு கேட்டு வெய்யி. கடைய எத்தினி நாளிக்கு மூடி வெக்கிறது?" என்றாள்.

"எம்மா, அப்ப நானு?" என்றேன்.

"நீ எங்கடி வர்ற? ஒன் வூடு இங்க கீது."

நான் அங்கேயே, இலைக் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து விக்கி விக்கி அழுதேன். திட்ட வந்த மேஸ்திரி திட்டுவதை மறந்துவிட்டார். இந்தப் பெண் மிஷினைப் பார்த்து மிரண்டுவிட்டது, சீக்கிரம் தண்ணீர் கொண்டுவாருங்கள் என்று நாலு பக்கமும் ஆளை விரட்டினார்.